கருவறைக்கும் தூக்குமேடைக்கும் ஒரே அளவுகோல் வேண்டும்

பினாங்கு மாநில ஆலய நிர்வாகக் குழுவினருக்கும், தமிழ்த் திருச்சபைகளின் போதகர்களுக்கும், சமய வகுப்பு ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

'உயிரைக் கொடுத்தவன் இறைவன். அதை எடுக்க மனிதனுக்கு உரிமையில்லை.' கருக்கலைப்பைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் உங்கள் மேடைகளில் இதைக் கேட்டு வருகிறேன். நானும் இதை நம்புகிறவள்தான். என் கேள்வி ஒன்றே ஒன்று. தூக்குத் தண்டனையைப் பற்றிப் பேசும்போது இந்த வார்த்தைகள் எங்கே போய்விடுகின்றன? 'கடத்துகிறவனைத் தூக்கில் போட்டால்தான் அடுத்தவனுக்குப் பயம் வரும்' என்று அதே மேடையில், அதே மாலையில், அதே பேச்சாளர் சொல்ல, மண்டபம் நிறையக் கைதட்டல் எழுந்ததை நேரில் பார்த்தேன். எந்த மண்டபம், யார் பேசினார் என்பது இங்கே வேண்டாம். அது ஒருவருடைய கருத்து மட்டும் அல்ல என்பதால்தான் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

நான் அரசு மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். பட்டர்வொர்த்தில் குடியிருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு, மரண தண்டனைக் கைதிகளின் தாய்மார்களுக்குத் துணையாகக் காஜாங் சிறை வரை போய் வருகிறேன். இரவு பேருந்தில் ஏறி, விடியும்போது இறங்கி, கண்ணாடிக்கு இந்தப்பக்கம் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு மகனிடம் 'சாப்பிட்டாயா' என்று கேட்கும் பெண்கள் அவர்கள். உயிர் வரும் வாசலில் பல காலம் நின்றேன். உயிர் போகும் வாசலிலும் இப்போது நிற்கிறேன். இரண்டிலும் நம் சமூகத்தின் குரல் இரண்டு விதமாக ஒலிப்பது என் காதுக்குத் தப்பவில்லை.

இதற்கு உங்கள் தரப்பில் ஒரு பதில் இருப்பது எனக்குத் தெரியும். 'கருவில் இருப்பது குற்றமற்ற உயிர். தூக்கில் ஏறுகிறவன் குற்றவாளி. இரண்டையும் ஒன்றாகப் பேசாதே.' இதை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். பாவம் அறியாத உயிருக்கும் பிறர் உயிரைப் பறித்தவனுக்கும் வேறுபாடு உண்டு என்பதில் நியாயம் இருக்கிறது. வள்ளுவரே கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தவர், வேறோர் இடத்தில் கொலையிற் கொடியாரை வேந்தன் தண்டிப்பதைக் களையெடுப்பதற்கு ஒப்பாகச் சொன்னார். அந்த 550-ஆம் குறளைத்தான் நீங்கள் உடனே எடுத்துக் காட்டுவீர்கள். காட்டுங்கள். ஆனால் அவர் சொன்னது கொலையிற் கொடியாரை. பினாங்கிலும் கிள்ளானிலும் ஈப்போவிலும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் அந்தக் குற்றத்திற்காகத் தூக்குக் கொட்டடிக்குப் போகவில்லை. பொட்டலம் சுமந்ததற்காகப் போனார்கள்.

மலேசியாவின் 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம் 39பி பிரிவின் கீழ், 1983 முதல் 2018 வரை, கடத்தல் நிரூபணமானால் நீதிபதிக்கு வேறு வழியே இருக்கவில்லை. மரண தண்டனை ஒன்றுதான். 15 கிராம் ஹெராயினோ 200 கிராம் கஞ்சாவோ ஒருவர் வசம் இருந்தால் அவர் கடத்தல்காரர் என்று சட்டம் அனுமானித்துக்கொள்கிறது. அதற்கும் முன்னால் இன்னோர் அனுமானம் இருக்கிறது. பை உன் கையில் இருந்தால், அதில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரிந்திருக்கும் என்பது. தெரியாது என்று நிரூபிக்கும் பொறுப்பு பிடிபட்டவன் தலையில் விழுகிறது. 2014-இல் ஒரு திருத்தம் வந்து, இந்த இரண்டு அனுமானங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம் என்றது. பை அவனிடம் இருந்தது, ஆகவே அவனுக்குத் தெரியும், ஆகவே அவன் கடத்தல்காரன். அப்படி அடுக்குவது அரசமைப்புக்கு முரண் என்று கூட்டரசு நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அதுவரை அந்த ஏணியில் ஏற்றப்பட்டவர்கள் மனிதர்கள்தானே?

கருவைப் பற்றிப் பேசும்போது நீங்கள் சொல்லும் வாதம் ஒன்று உண்டு. எந்தக் கணத்தில் உயிர் வருகிறது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது, தெரியாத இடத்தில் உயிரின் பக்கம் சாய்வதே தர்மம் என்பீர்கள். உங்கள் வாதங்களிலேயே ஆகச் சிறந்தது என்று இதைத்தான் நினைக்கிறேன். பொட்டலத்தில் என்ன இருந்தது என்று அந்தப் பையனுக்குத் தெரியுமா என்பதும் உறுதியாகத் தெரியாத விஷயம்தான். தெரியாத இடத்தில் உயிரின் பக்கம் சாய வேண்டும் என்றால் அங்கேயும் சாய வேண்டும். ஐயத்தின் பலனை ஓர் உயிருக்குக் கொடுத்து இன்னோர் உயிருக்கு மறுப்பதற்கு என்ன காரணம் சொல்வீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 275-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மரண தண்டனைக்குரிய குற்றம் செய்த பெண், தீர்ப்பு நேரத்தில் கர்ப்பிணியாக இருந்தால் அவளுக்குத் தூக்கு விதிக்கக்கூடாது, சிறைதான். நல்ல விதி, அது அப்படியே இருக்கட்டும். ஆனால் அதைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். ஒரே விமான நிலையத்தில், ஒரே மாதிரியான பெட்டியோடு இரண்டு பெண்கள் பிடிபடுகிறார்கள். தீர்ப்பு நாளன்று ஒருத்தி எட்டு மாதக் கர்ப்பிணி. மற்றவள் போன மாதம்தான் சிறையில் பிள்ளை பெற்றவள். முதலாமவளைக் கயிறு தொடாது. இரண்டாமவளின் கழுத்துக்கு 2023 வரை தப்பிக்க வழியில்லாமல் இருந்தது. அவளுடைய பிள்ளை, பிறந்துவிட்ட ஒரே காரணத்தால், தாயைக் காப்பாற்றும் தகுதியை இழந்துவிடுகிறது. வயிற்றுக்குள் இருக்கும்வரை அந்த உயிருக்காக இரங்கிய சட்டம், அது வெளியே வந்து பால் கேட்டு அழும்போது இரங்கவில்லை. சட்டத்தை எழுதியவர்களை மட்டும் நான் குறை சொல்லவில்லை. நம் மனத்திலும் அதே கோடுதான் கிழிக்கப்பட்டிருக்கிறது.

நாகேந்திரனை மறந்திருக்கமாட்டீர்கள். ஈப்போ பிள்ளை. 42.72 கிராம் ஹெராயினோடு 2009-இல் சிங்கப்பூர் எல்லையில் பிடிபட்டவர். அறிவுத்திறன் அளவு 69 என மதிப்பிடப்பட்டவர். 2022 ஏப்ரல் 27-ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். அந்த மாதங்களில் நம் மாமன்னரும் பிரதமரும் சிங்கப்பூருக்கு எழுதினார்கள். கோலாலம்பூரில் மெழுகுவர்த்தி ஏந்தி நின்றார்கள். நம் கோயில்களில் அர்ச்சனையும் நடந்தது. எல்லாம் சரிதான். ஆனால் அண்டை நாட்டிடம் நாம் கருணை கேட்ட அதே நாட்களில், நம் நாட்டிலும் அதே குற்றத்திற்குத் தூக்கு விதித்துக்கொண்டுதான் இருந்தோம். போதைப்பொருள் சட்டத்தில் 2018-இன் திருத்தம் நீதிபதிக்குத் திறந்துவிட்ட வாசல் மிகவும் குறுகியது. கடத்தல் கும்பலைப் பிடிக்க உதவியவருக்குத்தான் அது திறக்கும். கும்பலின் பெயரே தெரியாமல் பையைச் சுமந்தவனால் எப்படி உதவ முடியும்? நாகேந்திரனுக்காக அழுதவர்கள் காஜாங்கில் இருந்தவர்களுக்காக ஏன் அழவில்லை என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார்.

2018 அக்டோபரில் மரண தண்டனையை முழுமையாக ஒழிக்கப்போவதாக அன்றைய அரசாங்கம் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியது. 2019 மார்ச்சில் முழு ஒழிப்பு கைவிடப்பட்டு, கட்டாயத்தை மட்டும் நீக்குவதாகச் சுருங்கியது. அந்த ஐந்து மாதங்களில் உங்கள் மண்டபங்களில் இதைப் பற்றி ஒரு கூட்டம் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை. நடந்திருந்தால் சொல்லுங்கள், மகிழ்வேன். பிறகு 2023 ஏப்ரலில் கட்டாய மரண தண்டனையை நீக்கும் சட்டத்தை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றின. ஜூலை 4 முதல் அது நடப்புக்கு வந்தது. புத்ராஜெயாவில் கூட்டரசு நீதிமன்றம் பழைய தண்டனைகளை ஒவ்வொன்றாக மறுபரிசீலனை செய்ய, நூற்றுக்கணக்கானோரின் தூக்கு சிறைத் தண்டனையானது. நான் துணைக்குப் போகும் தாய்மார்களில் சிலர் முதன்முறையாக மகன் வெளியே வரப்போகும் ஆண்டை விரல் விட்டு எண்ணினார்கள். கயிறு மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது. கொலைக்கும் கடத்தலுக்கும் தூக்கு விதிக்கலாம் என்பது நீதிபதியின் விருப்பமாக நீடிக்கிறது. 2018 முதல் தண்டனை நிறைவேற்றம் நிறுத்திவைக்கப்பட்டிருப்பது அரசாங்கத்தின் முடிவு. அரசாங்கம் மாறினால் அதுவும் மாறலாம்.

பயம் வரும் என்ற வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். 1983-இலிருந்து 40 ஆண்டுகள் கட்டாயத் தூக்கு இருந்தது. 1986-இல் கோலாலம்பூர் புடு சிறையில், போதைப்பொருள் கடத்தலுக்காக இரண்டு ஆஸ்திரேலியர்களைத் தூக்கிலிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அந்தச் சிறை இருந்த இடத்தில் இன்று பேரங்காடி நிற்கிறது. நம் அடுக்குமாடி வீடுகளின் படிக்கட்டுகளில் போதைப்பொருள் இன்றும் கைமாறுகிறது. பயமுறுத்த வேண்டியவர்கள் பொட்டலத்தைக் கையால் தொடுவதே இல்லை என்பது நீங்களும் நானும் அறிந்ததுதான்.

இனி மகப்பேற்றுப் பிரிவின் பக்கம் வருகிறேன். அங்கே உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது வேறு மாதிரியானது.

கருவில் இருப்பது வெறும் சதை என்று நான் சொல்லமாட்டேன். கருச்சிதைவில் வந்த சின்ன உடலைத் துணியில் சுற்றிக் கையில் ஏந்தியவள் நான். அதன் கனம் தெரியும். ஆனால் அந்தக் கனத்தை யார் சுமக்கிறார்கள் என்பதும் தெரியும். காய்ச்சலோடும் ரத்தப்போக்கோடும் இரவில் கொண்டுவரப்பட்ட பெண்ணின் தாய் முதலில் கேட்டது 'மகள் பிழைப்பாளா' என்று அல்ல. 'மிஸ்ஸி, கோயிலில் யாருக்கும் தெரிய வேண்டாம், மிஸ்ஸி' என்றுதான் கெஞ்சினார். உங்கள் மண்டபத்தைத்தான் சொன்னார். அந்த அம்மாவுக்கு, மகளின் உயிரைப் பற்றிய பயத்துக்கும் முன்னால், உங்கள் வாயைப் பற்றிய பயம் நின்றது.

நம் நாட்டுச் சட்டம் பலர் நினைப்பது போல முழுத் தடை அல்ல. தண்டனைச் சட்டத்தின் 312-ஆவது பிரிவு கருக்கலைப்பைக் குற்றமாக்குகிறது. மூன்றாண்டு வரை சிறை, சிசுவின் அசைவு தெரிந்த பின் என்றால் ஏழாண்டு வரை. தனக்குத்தானே செய்துகொள்ளும் பெண்ணும் அதில் அடக்கம். ஆனால் 1989-இன் திருத்தம் ஒரு விதிவிலக்கைச் சேர்த்தது. கர்ப்பம் நீடித்தால் தாயின் உயிருக்கோ, உடல் நலத்துக்கோ, மன நலத்துக்கோ, கலைப்பதைவிடக் கூடுதல் ஆபத்து என்று பதிவுபெற்ற மருத்துவர் நல்லெண்ணத்தோடு கருதினால் குற்றமில்லை. வன்புணர்ச்சி தனிக் காரணமாக எழுதப்படவில்லை, மனநலம் என்ற வழியாகத்தான் அதற்கு இடம். இந்த விதிவிலக்கு இருப்பதே தெரியாத தாதியர்களோடு வேலை செய்திருக்கிறேன். தெரிந்தும் 'எனக்கேன் வம்பு' என்று கைகழுவிய மருத்துவர்களும் உண்டு. தெரிந்தவர்கள், பணமுள்ளவர்கள், தனியார் மருத்துவமனைக்குப் போய் அமைதியாகத் திரும்பினார்கள். மற்றவர்கள் எங்கள் பிரிவுக்கு இரவில் வந்தார்கள்.

2014-இல் இங்கே நம் பினாங்கில், ஒரு நேப்பாளத் தொழிற்சாலைப் பெண் கருக்கலைப்புக்காகக் கைதாகி ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டாள். பிறகு உயர் நீதிமன்றம் அவளை விடுவித்தது. அந்நியத் தொழிலாளி கர்ப்பமானால் வேலையும் போய் நாட்டுக்கும் திருப்பி அனுப்பப்படுவாள் என்பது அந்தப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. பெற்றால் நாடு கடத்துவோம், பெறாவிட்டால் சிறையில் போடுவோம் என்று ஓர் அரசு ஒரு பெண்ணிடம் சொல்லும்போது, அங்கே காக்கப்படுவது கருவின் உயிர்தானா?

உங்கள் இரண்டு நிலைப்பாடுகளும் ஏன் முரண்படுகின்றன என்று நெடுநாள் குழம்பினேன். தூக்குக்குப் போகிறவர்களையும் ஒளிந்து கலைத்துக்கொள்கிறவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. இரண்டு இடத்திலும் நாம் கண்டிப்பாக இருப்பது, எதிர்த்துப் பேச முடியாதவர்களிடம். வயிற்றுப் பிள்ளையோடு நிற்கும் பெண்ணிடம் உயிரின் மகத்துவத்தைச் சொல்கிறோம், அதற்கு நமக்குச் செலவில்லை. இரண்டாயிரம் ரிங்கிட்டுக்குப் பொட்டலம் தூக்கிய பையனிடம் தண்டனையின் அவசியத்தைச் சொல்கிறோம், அதற்கும் நமக்குச் செலவில்லை. அந்தப் பெண்ணைக் கைவிட்டவனைப் பற்றியும், அந்தப் பையனை அனுப்பியவனைப் பற்றியும் மேடையில் யாரும் பெயர் சொல்லிப் பேசியதில்லை. அவர்களில் சிலர் உபயக்காரர்களாக முன்வரிசையில் உட்கார்ந்திருக்கவும் கூடும்.

ஒரே அளவுகோல் என்று நான் கேட்பதால், இரண்டுக்கும் ஒரே விடை வேண்டும் என்று பொருளல்ல. சிறைக்குள் பூட்டி வைத்திருப்பவனைக் கொல்லாமலே நாட்டைக் காக்க முடியும். அவன் உயிர் யாருடைய உடலையும் நம்பி இல்லை. கரு ஒரு பெண்ணின் உடலுக்குள் இருக்கிறது. அவளைத் தாண்டி அதை யாராலும் காக்க முடியாது. அதனால்தான் தூக்குக்கு நான் முழு எதிரி, கருக்கலைப்பில் பெண்ணைச் சிறைக்கு அனுப்பும் சட்டத்துக்கும் எதிரி. ஆனாலும், கலைக்கப்பட்டது ஒன்றுமில்லை என்று சொல்லவும் மாட்டேன். தூக்குக்கு எதிராக என்னோடு நிற்கும் கோலாலம்பூர் நண்பர்கள் சிலருக்கு என்னுடைய இந்தக் கடைசி வாக்கியம் பிடிப்பதில்லை. கருவைப் பற்றிப் பேசினாலே சமயவாதி என்கிறார்கள். ஓர் உயிரைப் பற்றிய கேள்வியை அரசிடம் கேட்கும் துணிவுள்ளவர்கள், அதே கேள்வி தங்களை நோக்கி வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதும் முரண்தான் என்று அவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன்.

கத்தோலிக்கத் திருச்சபை 2018-இல் தன் மறைக்கல்வியையே திருத்தி, மரண தண்டனை ஏற்கத்தகாதது என்று எழுதிக்கொண்டது. 2025 செப்டம்பரில் திருத்தந்தை லியோ, கருக்கலைப்பை எதிர்த்துக்கொண்டே மரண தண்டனையை ஆதரிப்பவர் உண்மையில் உயிரின் பக்கம் நிற்பவர் அல்ல என்று வெளிப்படையாகச் சொன்னார். புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் திரளும் தமிழ்க் கூட்டத்துக்கு, தமிழில், இது பிரசங்கிக்கப்பட வேண்டும். இந்து அமைப்புகளுக்குத் திருத்தந்தை இல்லை, ஒற்றைத் தலைமை இல்லை. ஆகவே ஒவ்வொரு ஆலய நிர்வாகமும் தானே யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'அவன் வினை, அவன் அனுபவிக்கிறான்' என்ற ஒற்றை வரியோடு முடித்துக்கொள்ள வேண்டாம். நம் மரபில் வினை என்பது நாம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததையும் சேர்த்துத்தான்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படிகளில் கரும்புத் தொட்டிலில் பிள்ளையைக் கிடத்திச் சுமந்து வரும் இளம் தம்பதிகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கேட்டுப் பெற்ற பிள்ளைக்கு நன்றிக் காணிக்கை. அவர்களுக்கு நாலு படி பின்னால், சிறையில் இருக்கும் மகனுக்காகப் பால்குடம் எடுத்து வருகிறாள் ஒரு தாய். அவளும் ஒரு காலத்தில் இதே தொட்டிலைச் சுமந்தவள்தான், அதே பிள்ளைக்காக. தொட்டிலுக்கு வழிவிட்டு வணங்குகிற கூட்டம், பால்குடத்துக்குக் காரணம் தெரிந்தால் விலகிப் போகிறது.

கொலையுண்டவர்களின் குடும்பங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் நேர்மையற்றதாகிவிடும். 2018-இல் ஒழிப்புக்கு எதிராகப் பேசியவர்களில் அவர்களும் இருந்தார்கள். மகளைப் பறிகொடுத்த தாயின் முன்னால் போய், கொன்றவன் உயிரும் புனிதம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவளுடைய கோபம் நியாயமானது. அதை அடக்கச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. நீண்ட சிறைத் தண்டனையை அவள் பெயரால் நான் கேட்பேன். வழக்கு முடியும்வரை அவளோடு நடப்பேன். அவள் கோபத்தைக் கயிறாகத் திரித்து அரசின் கையில் கொடுக்க மட்டும் என்னால் முடியாது. இந்த இடத்தில் அவளுக்கும் எனக்கும் இடையே சரி செய்ய முடியாத ஒன்று இருக்கிறது, அது அப்படியேதான் இருக்கும்.

உங்களிடம் நான் கேட்பது இவைதான். அடுத்த ஆண்டுக்கூட்டத்தில் மரண தண்டனையை முழுமையாக ஒழிப்பதற்கு ஆதரவாக ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு அதை எழுத்தில் அனுப்புங்கள், தேர்தல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாட்டின் மக்கள் தொகையில் இந்தியர்களாகிய நாம் ஏறக்குறைய 7 விழுக்காடு. தூக்குக் கொட்டடியில் நம் பங்கு அதைவிட வெகு அதிகமாக இருந்தது. இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேச மற்ற எவரையும்விட நமக்குக் காரணம் இருக்கிறது.

கருக்கலைப்பைப் பற்றி மேடையில் பேசுவதாக இருந்தால், அதற்கு முன் கல்யாணமாகாமல் கருவுற்ற பெண்ணுக்கு உங்கள் நிர்வாகம் என்ன செய்யும் என்பதை முடிவு செய்துவிட்டுப் பேசுங்கள். தங்க இடம், மருத்துவமனைக்குத் துணை, பெற்றுக்கொள்ள விரும்பினால் படிப்பு தடைபடாமல் ஏற்பாடு, வளர்க்க முடியாது என்றால் தத்துக்கொடுக்கும் வழி. வளர்க்க முடியாத சிசுவைப் பாதுகாப்பாக விட்டுச்செல்ல, பெட்டாலிங் ஜெயாவில் 2010-இல் திறக்கப்பட்ட குழந்தைத் தொட்டிலைப் பற்றி நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? கும்பாபிஷேகத்துக்குத் திரட்டும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும். கைவிட்டவனைக் கூப்பிட்டு விசாரிக்கும் தைரியமும் வேண்டும். பெண்ணின் பெயரை மட்டும் வெளியே விடும் பழக்கம் இத்தோடு நிற்கட்டும்.

சிறையில் இருப்பவர்களின் பிள்ளைகள் உங்கள் சமய வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் காது கேட்கத் தூக்கைப் புகழ்ந்து பேசாதீர்கள். இதற்குத் தீர்மானம் எதுவும் தேவையில்லை, இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.

கூட்டத்துக்கு அழைத்தால் வருவேன். சட்ட விவரம் சொல்ல வழக்குரைஞர் ஒருவரையும், விருப்பமிருந்தால் காஜாங் போய்வரும் தாய்மார்களில் ஒருவரையும் உடன் அழைத்து வருவேன். என் கருத்தில் உடன்பாடில்லாதவர்களும் வந்து பேசட்டும். மண்டபத்துக்கு வாடகை கேட்காவிட்டால் போதும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்
பட்டர்வொர்த், பினாங்கு